ஜோவிட்டாவைப் பொறுத்துக்கொண்ட கேக்

தூத்துக்குடியில் கடற்கரையை ஒட்டிய எங்கள் தெருவில் எந்தப் பிள்ளைக்கும் எந்தப் பண்டமும் ஒத்துக்கொள்ளாமல் போனதில்லை. பண்டங்களுக்குத்தான் சில பிள்ளைகள் ஒத்துக்கொள்வதில்லை.

ஆகாத பிள்ளை பக்கத்தில் வந்தால் மைதா தும்மும். முட்டைக்கு ஓட்டின்மேல் சிவப்புத் தடிப்பு ஏறும். முந்திரிப் பருப்புக்குக் கண் வீங்கிவிடும். பாலுக்கு மயக்கம் வரும். முகத்தில் தண்ணீர் தெளித்தால் எழுந்துவிடும், ஆனால் அப்புறம் அதைக் காப்பிக்குத்தான் வைத்துக்கொள்ள முடியும். மற்றபடி, பிடித்த பிள்ளையின் வயிற்றுக்குள் போவதில் எந்தப் பண்டத்துக்கும் ஆட்சேபம் கிடையாது. அதற்காகத்தானே அடுப்பில் கிடந்து வேகிறது.

ஜெசிந்தாவின் மகள் ஜோவிட்டாவை மட்டும் அநேகமாக எந்தப் பண்டத்துக்கும் பிடிக்கவில்லை. பிள்ளை என்ன செய்யும், பாவம். தங்கமான பிள்ளை. கஞ்சியும் கருப்பட்டியும் வாழைப்பழமும் ஏதோ பெரிய மனசு பண்ணிப் பொறுத்துக்கொண்டதால் வளர்ந்து, அஞ்சு வயசைத் தொடப்போகிறது. தெருவில் யார் வீட்டில் பிறந்தநாள் என்றாலும் அவளுக்கும் அழைப்பு உண்டு. அவள் கேட்டுக்கு வெளியே நிற்பாள். கீழ்க்கம்பியில் கால் வைத்து ஏறிக்கொண்டு, உள்ளே நிற்கிற பிள்ளைகளைவிடச் சத்தமாகப் பாட்டுப் பாடுவாள். பாட்டு முடிந்ததும் யாராவது ஒரு பலூனைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவாள்.

போன வருஷம் அவள் பிறந்தநாளுக்கு பேக்கரியில் சொல்லி ஒரு கேக் வாங்கினார்கள். அது ஜோவிட்டாவைக் கண்டதும் உப்பி, கிரீமெல்லாம் நீலம் பாரித்து, மூச்சுக்குத் திணற ஆரம்பித்துவிட்டது. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். தேறிய பிறகு, அந்த வீட்டுக்குத் திரும்ப மனசில்லை என்று சொல்லிவிட்டு, கோவில்பட்டியில் இருக்கிற ஜோவிட்டாவின் அத்தை வீட்டோடு போய்த் தங்கிவிட்டது. கிறிஸ்துமஸுக்கு வாழ்த்து அட்டை போட்டது. அதில் பிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை. ஜெசிந்தாவுக்கு அது மனசில் முள்ளாகத் தைத்துக்கொண்டது. ஆஸ்பத்திரியில் ராத்திரியெல்லாம் கூட இருந்து விசிறிவிட்டவள் அவள்தானே.

ஜோவிட்டா பொம்மை கேட்கவில்லை, புதுக் கவுன் கேட்கவில்லை.

“இந்த வாட்டி மெழுகுவர்த்திய நான் ஊதணும்மா” என்றாள்.

அதற்காகப் பழகவும் செய்தாள். மாடியில் நின்றுகொண்டு கன்னத்தை உப்பி, எதிர்ப்பக்கம் மாதா சிலை வைத்த கெபியில் எரிகிற மெழுகுவர்த்திகளைப் பார்த்து ஊதுவாள். அவை அணையும். “ஏட்டி, மாதா முன்னாடி எரியிறத அணைக்கலாமா?” என்று ஜெசிந்தா சத்தம் போடுவாள். புருஷன் அமல்ராஜ் தீப்பெட்டியை எடுத்துக்கொண்டு, ரோட்டைத் தாண்டிப் போய், எல்லாவற்றையும் பற்றவைத்துவிட்டு வருவான்.

இந்த வருஷம் கேக்கைத் தானே செய்வது என்று ஜெசிந்தா முடிவு கட்டினாள்.

“பேசாம ஒரு வாழைப்பழத்துல மெழுகுவர்த்தியக் குத்தி வச்சிருவமே” என்றான் அமல்ராஜ்.

“சும்மா கெடங்க. எம்புள்ள கேக்குப் பக்கத்துல நின்னு ஊதணும். எல்லாப் பிள்ளையளும் சுத்தி நிக்கணும். ஒருத்தரும் கேட்டுல நிக்கக் கூடாது.”

எங்கள் தெருவில் இதற்கு ஒரு முறை உண்டு. பிறந்தநாளுக்கு அழைத்தால், அழைக்கப்பட்ட பிள்ளை உடுத்துக் கழற்றிய பனியனைத் துவைக்காமல் அந்த வீட்டுக்குக் கொடுத்தனுப்ப வேண்டும். மாவு, சர்க்கரை எல்லாவற்றையும் அந்தப் பனியனோடு ஒரு ராத்திரி மூடி வைப்பார்கள். காலையில் திறந்து பார்த்தால், எதற்கு எந்தப் பிள்ளை ஆகாது என்று தெரிந்துவிடும்.

ஜெசிந்தா அழைத்த வீடுகளிலிருந்தெல்லாம் பனியன் வந்தது. பக்கத்து வீட்டு ஃபிலோமினா டீச்சர் தன் மகன் ஆல்ட்ரினின் பனியனை ஒரு துணிப்பையில் போட்டு, தானே கொண்டுவந்து கொடுத்தார். ஜோவிட்டாவின் பழைய கவுனை ஜெசிந்தா மேலாக வைத்து மூடினாள். காலையில் திறந்தால் மைதா தும்மித் தும்மி அடுக்களை முழுக்க இறைந்து கிடந்தது. வெண்ணெய் அழுதுகொண்டிருந்தது. முந்திரி யார் முகத்தையும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. பச்சரிசி மாவு மட்டும் எது நடந்தாலும் எனக்கென்ன என்று உட்கார்ந்திருந்தது. அதன் சுபாவம் அப்படி. கருப்பட்டி ஒருமுறை இருமிவிட்டுச் சமாதானமாகிவிட்டது. தேங்காய்ப்பாலும் தேங்காயெண்ணெயும் தூங்கிக்கொண்டிருந்தன. வாழைப்பழம் தெரிந்த மனுஷன்தான்.

ஜெசிந்தா பழத்தைப் பிசைந்தாள். கருப்பட்டியைக் காய்ச்சி வடிகட்டி ஆறவைத்து ஊற்றினாள். எண்ணெயும் தேங்காய்ப்பாலும் சேர்த்து, அரிசி மாவைச் சலித்துப் போட்டு, சோடா உப்பு போட்டு, கடைசியில் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தாள். ஜோவிட்டா நிலைப்படிக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

“உள்ள வா” என்றாள் ஜெசிந்தா.

“வரலாமாம்மா?”

“வாட்டி. ஒண்ணும் செய்யாது.”

பிள்ளை ஒவ்வோர் அடியாக வந்து பாத்திரத்துக்குள் எட்டிப் பார்த்தது. மாவு அவளைப் பார்த்தது. லேசாக நுரைத்தது, அவ்வளவுதான். ஜெசிந்தா பிள்ளையின் பக்கம் கையை நீட்டினாள். இத்தனை வருஷமாகப் பிள்ளையை அடுக்களைக்குள் விடாமல் வைத்திருந்த கை அது. அந்தக் கையாலேயே அவள் தலையைத் தடவிவிட்டு, மாவைத் தட்டில் ஊற்றி ஓவனுக்குள் வைத்தாள்.

அன்று சாயங்காலம் விருந்தாட்கள் வந்தார்கள். கேக் நடு ஹாலில் மேசைமேல் பழுப்பு நிறத்தில், நல்ல பிள்ளையாக உட்கார்ந்திருந்தது. மெழுகுவர்த்திகளைக் குத்தினார்கள். ஜோவிட்டா பக்கத்தில் போய் ஒரு விரலால் அதைத் தொட்டாள். கேக்குக்கு ஒரு தடிப்பு இல்லை, ஒரு மூச்சிரைப்பு இல்லை. ஜெசிந்தா புருஷனைப் பார்த்தாள். அமல்ராஜ் தீப்பெட்டியை எடுத்து எல்லாவற்றையும் ஏற்றினான்.

அப்போதுதான் ஃபிலோமினா டீச்சர் ஆல்ட்ரினைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு உள்ளே வந்தார். அவன் மேசையை நெருங்கினதும் கேக்கின் ஒரு பக்கம் சிவந்தது. பிறகு சுற்றிலும் திட்டுத் திட்டாகத் தடித்தது. உள்ளேயிருந்து விசில் மாதிரி மூச்சு வாங்கியது.

“ஆல்ட்ரின், பின்னால வா” என்றார் டீச்சர். அவன் நகர்ந்ததும் கேக்குக்குக் கொஞ்சம் சீர்பட்டது.

“டீச்சர், பனியன்ல ஒண்ணும் காட்டலயே” என்றாள் ஜெசிந்தா.

டீச்சர் முகம் சுண்டிவிட்டது. “துவைச்சுட்டேன் ஜெசிந்தா. இஸ்திரியும் போட்டேன். இன்னொருத்தர் வீட்டுக்கு எப்படி அழுக்குத் துணியக் குடுத்துவிட?”

யாரும் அவரைக் குறை சொல்லவில்லை. மானம் மரியாதை உள்ள வீட்டில் அப்படித்தான் செய்வார்கள். சொல்லப்போனால், எங்கள் தெருவில் பாதிக் கேக்குகள் இதனால்தான் படுத்த படுக்கையாயின.

ஆல்ட்ரின் கேட்டுக்கு வெளியே போய் நின்றான். அவன் இதற்குமுன் அங்கே நின்றதில்லை. கம்பியில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றதில் அவனுக்குக் கேக் தெரியவில்லை, செருப்புகள்தான் தெரிந்தன. உதடு பிதுங்க ஆரம்பித்தது.

ஜோவிட்டா மேசைப் பக்கத்திலிருந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அம்மா, அவனுக்கு அங்க நிக்கத் தெரியல” என்றாள்.

சொல்லிவிட்டு வெளியே போனாள். எந்தக் கம்பியில் கால் வைப்பது, எந்த இடுக்கில் முகத்தை வைத்தால் மேசை தெரியும் என்று காட்டிக் கொடுத்தாள். தானும் அவன் பக்கத்தில் ஏறி நின்றுகொண்டாள்.

ஜெசிந்தாவுக்கு ஆத்திரம் பொங்கிக்கொண்டு வந்தது. “ஏட்டி! யாருக்காகட்டி இம்புட்டும் செஞ்சேன்? வா இங்க. மெழுகுவர்த்தி உருகுது.”

“அங்க வந்தா இவன் மட்டும்தானம்மா நிப்பான்.”

“நீ ஊதணும்னு கேட்டியே!”

“இங்க நின்னே ஊதுறேன்.”

ஜெசிந்தா கேக்கைப் பார்த்தாள். அது பொறுமையாக இருந்தது. அவளுக்கு அழுகை வந்தது. அழுதாள், பிறகு முந்தானையால் துடைத்துக்கொண்டு, மேசையை வாசலுக்கு நேராகத் திருப்பிப் போட்டாள். நடுவில் நின்ற பிள்ளைகளை விலக்கி நிறுத்தினாள். எல்லாரும் பாடினார்கள். கேட்டிலிருந்து வந்த இரண்டு குரல்தான் ஓங்கிக் கேட்டது.

பாட்டு முடிந்ததும் ஜோவிட்டா கன்னத்தை உப்பி ஊதினாள்.

கேக்கின் மெழுகுவர்த்திகள் அணைந்தன. எதிரே மாதா கெபியில் எரிந்தவை அணைந்தன. தெருக்கோடி டீக்கடை அடுப்பு அணைந்தது. கொஞ்சம் பொறுத்து, துறைமுகத்துப் பக்கம் அப்போதுதான் சுற்ற ஆரம்பித்திருந்த கலங்கரை விளக்கும் அணைந்தது.

எல்லாரும் கைதட்டினார்கள். ஆல்ட்ரினுக்கு ஒரு பலூன் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அமல்ராஜ் செருப்பை மாட்டிக்கொண்டு, தீப்பெட்டியை ஆட்டிப் பார்த்துவிட்டுச் சட்டைப்பையில் போட்டான்.

“நான் வந்தப்புறம் வெட்டுங்க” என்றான்.

“வெளக்குக்கிட்ட காத்து அடிக்கும்” என்று சொல்லி, ஜெசிந்தா அடுக்களையிலிருந்து இன்னொரு தீப்பெட்டியும் எடுத்துக் கொடுத்தாள்.