அடிக்காத பந்து

“அக்கா, நெசமாவே பொண்ணு பாக்கத்தான் வர்றாங்க,” என்றாள் ஏஞ்சலா. “தட்டோட வர்றாங்க.”

பெட்ரிசியா எட்டிப் பார்த்தாள். மழை அப்போதுதான் விட்டிருந்தது. லுக்குட் சாலையிலிருந்து கோல்ஃப் பயிற்சித் திடலுக்குத் திரும்பும் செம்மண் பாதையில் ஒரு வெள்ளை வேன் நின்றது. முதலில் இறங்கிய அம்மாளின் கையில் ஆரஞ்சுப் பழம் அடுக்கிய தட்டு. பின்னால் ஓர் ஆணும் பெண்ணும். கடைசியாக, பாதித் தூக்கத்தில் எழுப்பி விட்டதுபோல ஒன்பது வயதுப் பெண்பிள்ளை.

“பிள்ளைக்கு கோச் பாக்க வர்றாங்கடி.”

“ரெண்டும் ஒண்ணுதான். முகத்தக் கழுவிட்டு வா. நான் தே தண்ணி கலக்குறேன்.”

தங்கை சொன்னதற்குச் சிரித்திருக்கலாம். பெட்ரிசியாவுக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டு வருடங்களாக அவளால் பந்து அடிக்க முடியவில்லை. காயம் இல்லை, வலி இல்லை. பந்துக்கு முன்னால் நின்று கோலைப் பின்னால் தூக்கினால், அது அங்கேயே நின்றுவிடும், இறங்காது. டாக்டர் மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, நன்றாகத்தான் இருக்கிறது என்றார். சேதி பரவியதும் அவளிடம் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் ஒவ்வொருவராக நின்றுகொண்டார்கள். இந்த மாதத்துக்குள் ஒரு பிள்ளையாவது சேராவிட்டால் அவள் இடத்தை வேறொரு கோச்சுக்குக் கொடுத்துவிடுவதாகத் திடல் முதலாளி சொல்லியிருந்தார். கோல்ஃபை விட்டால் பெட்ரிசியாவுக்கு வேறெதுவும் தெரியாது.

வந்தவர்கள் தகரக் கூரைக்கடியில் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்தார்கள். கூரை விளிம்பில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. எதிரே ஈரப் புல்வெளி, அதன் கோடியில் செம்பனை மரங்கள். மரங்களின் காலடியிலிருந்து மழை ஈரம் வெண்புகையாக மெல்லக் கிளம்பி, புல்லின்மேல் படுத்தபடி இந்தப் பக்கம் வந்துகொண்டிருந்தது.

“வெறுங்கையோட எப்படி வர்றது, அதான்,” என்று தட்டை நீட்டினாள் அந்த அம்மாள். “நான் தனலெட்சுமி, பிள்ளைக்கு அத்தை. இவன் என் தம்பி குணாளன், கோல்ஃப் கிளப்புல புல்லு வெட்டுற மெசின் ஓட்டுறான். இது அவன் சம்சாரம் குமுதவல்லி. பிள்ள பேரு ரோகினி. உங்களுக்கு எந்த ஊரும்மா?”

“லுக்குட்தான்கா. அப்பா காலத்துல தம்பின் ஊருப் பக்கம் ஒரு தோட்டத்துல இருந்தோம்.”

“எந்தத் தோட்டம்?”

“இப்ப அது இல்லக்கா. தாமான் வீடுங்க கட்டிட்டாங்க.”

“கூடப் பொறந்தவங்க?”

“இதோ, தே கொண்டாறாளே.”

“சமைப்பீங்களா?”

“அக்கா,” என்றார் குணாளன். “கோச்சுக்கு எதுக்குக்கா சமையல்?”

“பிள்ள வெயில்ல நின்னா பசிக்காதா? எல்லாம் கேட்டுக்கணும்லா. நீ போன தடவ ஒண்ணுமே கேக்காமத்தான் ஒருத்தர்கிட்ட கொண்டுபோயி விட்ட.”

குணாளன் கோப்பையைக் கையில் சுற்றினார். “பெரிய கோச்தான் அவரு. வீடியோ புடிச்சி, வீடியோ புடிச்சி, கை இங்க, முட்டி அங்கன்னு நிறுத்துவாரு. மொதல்ல நல்லாத்தான் அடிச்சா. அப்புறம் ஒவ்வொரு நாளும் அழுகை. இப்ப ஸ்டிக்கையே தொடமாட்டேங்குறா. தூக்கத்துல மட்டுந்தான் அடிக்கிறா.”

“தூக்கத்துலயா?”

அதுவரை பேசாமல் இருந்த குமுதவல்லி சொன்னாள். “கை ஆடும். காலால போர்வைய உதைப்பா. காலையில கேட்டா, பந்து இன்னும் கீழ வரலம்மான்னு சொல்லுவா.”

ரோகினி எதையும் கேட்டதாகத் தெரியவில்லை. புகை வருவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சரிம்மா,” என்று தனலெட்சுமி கோப்பையைக் கீழே வைத்தாள். “ஒரு பந்து அடிச்சிக் காட்டு, பாப்போம்.”

தட்டோடு திரும்பிய ஏஞ்சலா அப்படியே நின்றாள். “தரை ஈரமா இருக்குக்கா, வழுக்கும்,” என்றாள்.

“நாங்க பாக்காத ஈரமா. ஒண்ணே ஒண்ணு.”

ரோகினி முதல் தடவையாகத் தலையைத் திருப்பிக் கோச்சைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு முன்னால் ஈரம் என்று சொல்ல பெட்ரிசியாவால் முடியவில்லை. கோலை எடுத்துக்கொண்டு போய்ப் பந்தை வைத்தாள். கால்களை அகட்டி நின்றாள். கோல் பின்னால் போனது, தோளுக்கு மேல் ஏறியது, நின்றது.



“கை புடிச்சிக்கிச்சா, கோச்?” என்றார் குணாளன்.

பெட்ரிசியா கோலை இறக்கினாள். “இல்லண்ணா. புடிச்சிக்கிச்சின்னு சொல்லிடலாம். ஆனா ரெண்டு வருஷமா இப்படித்தான். என்னால அடிக்க முடியல.”

தனலெட்சுமி தம்பியைப் பார்த்தாள். தம்பி தரையைப் பார்த்தார்.

“எங்க போயிருக்கும்?” என்றது ஒரு சின்னக் குரல்.

“எதும்மா?”

“பந்து. அடிச்சிருந்தா.”

பெட்ரிசியா திடலைப் பார்த்தாள். இதை அவளிடம் யாரும் கேட்டதில்லை. ஆனால் பதில் கண்ணெதிரே இருந்தது.

“மொதல்ல வலது பக்கம் கெளம்பும்,” என்றாள். “அந்தக் கம்பத்துக்கு நேரா. போர்டிக்சன் கடல் பக்கமிருந்து இப்ப லேசாக் காத்து வருது, தெரியுதா? அதுல ஏறும். ஏறி, இன்னும் ஏறி, புகைக்கு மேல வெளுப்பாத் தெரியும். அங்க போனதும் கொஞ்ச நேரம் எங்கயும் போகாத மாதிரி இருக்கும். அப்புறமா இடது பக்கம் சாயும், மெல்ல, தூக்கத்துல பொரண்டு படுக்குற மாதிரி. அந்தச் சாஞ்ச மரத்த ஒட்டி எறங்கும். ஈரமில்லையா, உருளாது. விழுந்த எடத்துலயே உக்காந்துக்கும்.”

நான்கு தலைகளும் மேலே போய், இடது பக்கம் திரும்பி, கீழே வந்திருந்தன.

“மரத்துக்குப் பின்னாலதான விழுந்துச்சி?” என்றார் குணாளன்.

“முன்னாலடா,” என்றாள் தனலெட்சுமி. “நீ எங்க பாத்த?”

“எதக்கா பாத்தீங்க?” என்று ஏஞ்சலா கேட்டாள்.

தனலெட்சுமி தேநீரை எடுத்துக் குடித்தாள்.

ரோகினி எழுந்து போய் கோச்சின் கையிலிருந்த கோலை வாங்கினாள். அது அவளுக்கு நீளம், பாதிக்குக் கீழே பிடித்துக்கொண்டாள். அதே பந்தின் முன் நின்று, உதட்டுக்குள் ஏதோ சொன்னபடி மரத்தையும் வானத்தையும் பார்த்துவிட்டு அடித்தாள். பந்தின் தலையில் பட்டது. அது தவளைபோல இரண்டு தாவு தாவிப் புல்லில் நின்றது.

“முட்டிய…” என்று குணாளன் எழ, குமுதவல்லி அவர் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

“எங்க போறதாப் பாத்த?” என்றாள் பெட்ரிசியா.

“மரத்துக்கு மேல.”

“நீ பாத்தது சரிதான். பந்துக்குத்தான் இன்னும் தெரியல.”

பிள்ளையின் உதடு கோணியது. அழப்போகிறாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவள் கோலைப் புல்லில் கிடத்திவிட்டு, செருப்பைக் கழற்றி, திடலுக்குள் இறங்கி நடந்தாள்.

தனலெட்சுமி எழுந்து சேலையைச் சரிசெய்தாள். “சரிம்மா. வீட்டுக்குப் போயி கலந்து பேசிட்டு சொல்லி அனுப்புறோம்.”

பெட்ரிசியா தலையாட்டினாள். அவளைப் பெண் பார்க்க வந்தவர்களும் இதையேதான் சொல்லிவிட்டுப் போனார்கள். யாரும் சொல்லி அனுப்பியதில்லை.

குமுதவல்லி மட்டும் எழவில்லை. “இவ அழுதா என்னா செய்வீங்க?”

“பக்கத்துல நிப்பேன். அழாதன்னு சொல்லமாட்டேன். அழுது முடிச்சதும் பந்து பொறுக்கப் போவோம்.”

“நீங்க அழுதா?”

“காருக்குள்ள போயி கதவ சாத்திக்குவேன்.”

“இனிமே அங்க போகாதீங்க. கை சொன்ன பேச்சு கேக்கலன்னா இவ முன்னாலயே நில்லுங்க. ஒலகத்துல தனக்கு மட்டுந்தான் இப்படின்னு நெனச்சிக்கிட்டிருக்கா.”

“குமுதா, கலந்து பேசிட்டு…” என்றாள் தனலெட்சுமி.

“கலந்து பேச என்னா இருக்கு அண்ணி? நான்தானே ராத்திரியில அவ போர்வைய எடுத்துப் போத்தி விடுறேன். சனிக்கிழம காலையில கொண்டாந்து விடுறேன் கோச்.”

குணாளன் சிரித்துவிட்டார். “அக்கா, ஆரஞ்சுப் பழத்தத் திருப்பி வாங்க முடியாது போல.” பிறகு திடலைப் பார்த்தார். “எங்க போறா இவ? பந்து இங்கதான கெடக்கு.”

ரோகினி தான் அடித்த பந்தைத் தாண்டிப் போயிருந்தாள். நெஞ்சுவரை புகை. தலையும் தோளும் மட்டும் வெளுப்பின்மேல் மிதந்து போயின.

பெட்ரிசியாவும் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினாள். புல் குளிர்ந்தது. சாய்ந்த மரத்தடியில் பிள்ளை குந்தியிருந்தாள். பல வருடங்களாக எத்தனையோ பேர் அடித்துத் தொலைத்த பந்துகள் அங்கே காய்ந்த பனைமட்டைகளுக்கிடையில் பாசி பிடித்துக் கிடந்தன.

“இதுவா?” ரோகினி ஒன்றைத் தூக்கிக் காட்டினாள்.

“இல்ல. அது ரொம்பப் பழசு.”

“இது?”

“அதுவும் இல்ல. இன்னும் கொஞ்சம் இடது பக்கம் பாரு.”

இருவரும் மட்டைகளை விலக்கி விலக்கிப் பார்த்தார்கள். தொலைவில் வேனின் கதவு திறந்து மூடும் ஓசை கேட்டது. யாரும் அவர்களைக் கூப்பிடவில்லை.

“கெடைக்கலன்னா பரவால்ல கோச்,” என்றாள் ரோகினி, கையில் அப்பிய மண்ணைப் பாவாடையில் துடைத்துக்கொண்டே. “சனிக்கிழம வந்து தேடுவோம்.”