டிரா அக்கா

கடைசி ரவுண்டுக்கு யாரோடு யார் என்ற தாளை நடுவர் சுவரில் ஒட்டியபோது நான் வாயில் பாதி பன்னோடு நின்றிருந்தேன். தாளை நான் பார்க்கவில்லை. தாளைப் பார்த்த முகங்களைப் பார்த்தேன். முன்னால் நின்ற பெண் திரும்பி என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு, அவசர அவசரமாகத் தன் தண்ணீர் பாட்டிலின் மூடியை ஆராயத் தொடங்கினாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்ப் பார்த்தேன். இரண்டாவது மேசை. வெள்ளைக் காய் எனக்கு. கறுப்பு என் தங்கைக்கு.

நாங்கள் பேசி இரண்டு வருஷமாகிறது. ஒரே ஊர், நாலு பஸ் நிறுத்த தூரம், ஒரே அம்மா. அம்மாதான் தூது. "சின்னவளுக்கு இருமலாம், உன்கிட்ட சொல்லக் கூடாதாம், சொல்லிட்டேன்" என்று போன் வரும். "நான் கேட்டேன்னு சொல்லாத, ஆனா கஷாயம் குடிச்சாளான்னு கேளு" என்பேன். அம்மாவுக்கு வயது எழுபத்திரண்டு. இந்த வயதில் இரண்டு கழுதைகளுக்கு நடுவில் தபால்காரர் வேலை பார்க்கிறேன் என்று அலுத்துக்கொள்வாள். ஆனால் ஒரு தபாலைக்கூடத் தவறவிட்டதில்லை.

சண்டை எதற்கென்று சொல்லிவிடுகிறேன், இதில் மறைக்க ஒன்றுமில்லை. மறைத்ததுதானே சண்டையே.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஓர் அணிப் போட்டி. நான் கேப்டன். என் ஆட்டம் சீக்கிரம் முடிந்துவிட, தங்கையின் மேசைக்குப் பின்னால் போய் நின்றேன். எங்களுக்குக் கோப்பை கிடைக்க அரைப் புள்ளி போதும். அவளோடு ஆடியவர் டிரா கேட்டார், ஆளுக்கு அரைப் புள்ளி. அணிப் போட்டியில் ஒரு வழக்கம் உண்டு. டிரா எடுக்கலாமா என்று கேப்டனைக் கேட்கலாம், கேப்டன் எடு, எடுக்காதே என்று மட்டும் சொல்லலாம், பலகையைப் பற்றி ஒரு வார்த்தை பேசக் கூடாது. அவள் திரும்பி, "எடுக்கட்டுமா?" என்றாள். வேண்டாம்னு சொல்லுக்கா என்று அவள் கண் கெஞ்சியது. நான் பலகையைப் பார்த்தேன். யானையைக் கொடுத்துவிட்டு ராணியால் செக் வைத்தால் எதிராளியின் ராஜாவுக்கு மூச்சு விட இடமில்லை. ஏழாவது நகர்த்தலில் குதிரை வந்து கதையை முடிக்கும். மூன்று தரம் மனசுக்குள் போட்டுப் பார்த்தேன். நூற்றுக்குத் தொண்ணூறு சரியாக இருந்தது. அந்த மீதிப் பத்துக்குப் பயந்தேன்.

"எடுத்துக்கோ" என்றேன்.

கோப்பை வந்தது, படம் எடுத்தார்கள், எல்லாரும் என்னைப் பார்த்து, கேப்டன்னா இப்படி இருக்கணும் என்றார்கள். மறுநாள் அவள் கணினியில் போட்டுப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தாள். "ஏழு நகர்த்தல்ல செக்மேட்டுக்கா. நான் பாதிதான் பாத்திருந்தேன். நீ பின்னாலதானே நின்ன, உனக்குத் தெரியலியா?" என்று கேட்டாள். அப்போதாவது உண்மையைச் சொல்லித் தொலைத்திருக்கலாம். "இல்லடி, நான் எங்க பாத்தேன்" என்று சொல்லிவிட்டுப் பாத்திரம் தேய்க்கப் போய்விட்டேன். அவள் செருப்பைப் போட்டுக்கொண்டு போனாள். அதோடு சரி.

செஸ் வட்டாரத்தில் எனக்கு டிரா அக்கா என்று பெயர். முகத்துக்கு நேராகச் சொல்லமாட்டார்கள். சொன்னாலும் எனக்கு வருத்தமில்லை. கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற வேலை எனக்கு. சட்டத்துக்குள் உட்கார வேண்டிய லென்ஸைக் கொஞ்சம் அதிகமாகத் தேய்த்துவிட்டால் திரும்ப ஒட்டவா முடியும்? தேய்ப்பது, அளப்பது, மறுபடி ஒரு மயிரிழை தேய்ப்பது என்றே இருபது வருஷம் ஓடிவிட்டது. பலகையிலும் அப்படித்தான். தங்கை நேர் எதிர். ஆபீஸில் கிடைத்த நாற்காலி வேலையை நான் சொல்லச் சொல்லக் கேட்காமல் உதறிவிட்டு நீச்சல் சொல்லிக்கொடுக்கப் போனவள். ஆட்டத்திலும் முதலில் தண்ணீரில் குதித்துவிட்டுத்தான் ஆழம் பார்ப்பாள்.

இன்றைய கணக்கு இதுதான். முதல் ஐந்து பேர் மாவட்ட அணிக்குப் போவார்கள். நான் அவளைவிட அரைப் புள்ளி முன்னால் இருக்கிறேன். டிரா செய்தால் நான் உள்ளே, அவள் வெளியே. அவள் ஜெயித்தால் அவள் உள்ளே, நான் வெளியே. ரவுண்டு தொடங்க ஒரு மணி நேரம் இருந்தது.

மாடிப்படியில் உட்கார்ந்து வீட்டுக்காரருக்குப் போன் செய்தேன். அவர் ஏசி மெக்கானிக். யாரோ ஒருவர் வீட்டு ஏணியில் நின்றுகொண்டு எடுத்தார். அவருக்குக் குதிரை எப்படிப் போகும் என்பதே இன்னும் சந்தேகம்.

"ரெண்டு வருஷமா தள்ளித் தள்ளி நின்னு பேசாம இருந்தீங்க. இப்ப நாலு மணி நேரம் எதிரெதிரா உக்காந்து பேசாம இருக்கப் போறீங்க. பரவால்ல, முன்னேற்றம்தான்" என்றார்.

"விளையாடாதீங்க. என்ன ஆடறதுன்னே தெரியல."

"உனக்கு என்ன தெரியுமோ அதை ஆடு. டிராதானே? கண்ணை மூடிட்டு ஆடுவியே."

ஆடுவேன். அதுதான் தொந்தரவே. கறுப்பில் அவள் என்ன ஆடுவாள் என்று எனக்குத் தலைகீழாகத் தெரியும். பத்து வயதிலிருந்து அவள் ஆடுவது அந்த ஒரே ஓப்பனிங்தான். மூன்றாவது நகர்த்தலில் நடுவில் இரண்டு சிப்பாய்கள் முட்டிக்கொண்டு நிற்கும். நான் வெட்டினால் அவளும் வெட்டியாக வேண்டும். இரண்டு பக்கமும் கண்ணாடியில் பார்த்த மாதிரி ஒரே போல ஆகிவிடும், நடுக்கோடு திறந்துகொள்ளும், யானைகள் அதில் வந்து ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு போய்ச் சேரும். மிச்சம் ஒன்றும் இருக்காது. அங்கே அவளால் என்னை ஜெயிக்க முடியாது, இருபது வருஷமாக முடிந்ததில்லை. வெட்டாமல் குதிரையை வெளியே விட்டால் கதை வேறு. என் ராணி அவள் ராஜா பக்கத்துக்குள் புகுந்து சிப்பாய்களைத் தின்னும், அவள் என் பக்கத்துக் கூரையைப் பிரித்துவிடுவாள், இரண்டு ராஜாக்களும் நடுத்தெருவில் நிற்பார்கள். யார் செத்தாலும் சாகலாம்.

படியில் உட்கார்ந்து யோசிக்க யோசிக்க ஒன்று புரிந்து எரிச்சலாக வந்தது. வெட்டினால் நான் மறுபடியும் அவளிடம் "எடுத்துக்கோ" என்றுதான் சொல்லப்போகிறேன், இந்தத் தடவை வாயைக்கூடத் திறக்காமல்.

மேசையில் எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தாள். முடி ஈரமாக இருந்தது, காலை வகுப்பை முடித்துவிட்டு வந்திருக்க வேண்டும். கன்னத்தில் எலும்பு தெரிந்தது. ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா இல்லையா என்று அம்மாவிடம் கேட்க வேண்டும் என நினைத்துக்கொண்டேன், அவளே எதிரில் உட்கார்ந்திருக்கும்போது. கைகுலுக்கினோம். ஈரம் என் கையிலா அவள் கையிலா தெரியவில்லை. இருவரும் பலகையையே பார்த்தோம்.

முதல் இரண்டு நகர்த்தல்கள் ஒரு நிமிஷத்தில் முடிந்தன. மூன்றாவதுக்கு நான் பதினோரு நிமிஷம் எடுத்துக்கொண்டேன். பக்கத்து மேசைக்காரர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள், மூன்றாவது நகர்த்தலில் யோசிக்க என்ன இருக்கிறது என்று. அவள் பேனாவைத் திறந்து, நான் வெட்டப்போகும் நகர்த்தலுக்குத் தன் பதிலைத் தாளில் எழுதிவிடத் தயாராக இருப்பவள் போல நாற்காலியில் சாய்ந்திருந்தாள். எனக்கு ரோஷம் வந்தது. குதிரையை எடுத்து வெளியே வைத்தேன்.

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். என் முகத்தைப் பார்த்தாள். இரண்டு வருஷத்தில் முதல் தடவை.

அப்புறம் நடந்ததை எப்படிச் சொல்ல? எனக்குப் பயம் போய்விட்டது. நிஜமாகவே போய்விட்டது, இடுப்பில் இறுக்கிக் கட்டியிருந்ததை அவிழ்த்து எறிந்த மாதிரி. என் ராணி அவள் வீட்டுக்குள் போய் இரண்டு சிப்பாய்களைத் தின்றது. அவள் என் பக்கத்தை உடைத்தாள். ஒரு குதிரையைத் தூக்கிக் கொடுத்தாள், வாங்கிக்கொண்டேன். அளக்க நேரமில்லை, அளவுகோலும் இல்லை. அடி பாவி, இதைத்தான் நீ இத்தனை வருஷமாக அனுபவித்துக்கொண்டிருந்தாயா என்று மனசுக்குள் திட்டினேன். எங்கள் மேசையைச் சுற்றிக் கூட்டம் சேர்ந்தது. டிரா அக்காவின் மேசைக்கு இதற்கு முன்னால் கூட்டம் வந்ததில்லை.

முப்பத்தோராவது நகர்த்தலில் அவள் ராணியை ஒரு கட்டம் பின்னால் இழுத்தாள். தோள் தொங்கிவிட்டது. கொடுத்த குதிரைக்குப் பலன் கிடைக்கவில்லை, தாக்குதல் தீர்ந்துவிட்டது என்று நினைத்துவிட்டாள். கடிகாரத்தை அழுத்துவதற்கு முன்னால் வாயைத் திறந்தாள்.

"டிரா எடுத்துக்கோக்கா" என்றாள்.

இரண்டு வருஷத்துக்குப் பிறகு அவள் என்னிடம் பேசியது அதுதான். குத்தலா, நீயாவது அணிக்குப் போ என்ற பாசமா, எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. அவளுக்கு அந்த டிராவால் ஒன்றும் கிடையாது. எனக்கு எல்லாம் கிடைக்கும். கையை நீட்டினால் போதும்.

அப்போதுதான் பார்த்துத் தொலைத்தேன். நான் எதை நகர்த்தினாலும் சரி, அவளுடைய யானை சத்தமில்லாமல் ஒரே ஒரு கட்டம் இறங்கினால் என் ராஜாவுக்கு ஓட வழியில்லை. நான்கு நகர்த்தல், மிஞ்சினால் ஐந்து. அவள் அதைப் பார்க்கவில்லை. கண்ணை இறுக்கி மூடித் திறந்தேன். யானை அங்கேயேதான் இருந்தது.

"வேண்டாம்" என்றேன். குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. "ஆடு."

இருந்ததில் நல்ல நகர்த்தலைத்தான் ஆடினேன், அதில் ஏமாற்றில்லை. அவள் முதலில் குழம்பினாள். டிரா போதும் என்று உட்கார்ந்திருக்கிற டிரா அக்கா டிராவை வேண்டாம் என்கிறாள் என்றால்? என்னைப் பார்த்தாள், பலகையைப் பார்த்தாள், மறுபடி என்னைப் பார்த்தாள். பிறகு இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு பலகை மேல் கவிழ்ந்தாள். ஒன்பது நிமிஷம். நான் அவள் தலையின் வகிட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு நரைமுடி இருந்தது. என் தங்கைக்கு நரை வந்ததை யாருமே எனக்குச் சொல்லவில்லை.

யானை ஒரு கட்டம் இறங்கியது.

ஐந்து நகர்த்தல் வரை போகவில்லை, மூன்றிலேயே கை கொடுத்துவிட்டேன். தாளில் கையெழுத்துப் போடும்போது நடுவர், "தோத்துட்டு இப்படிச் சிரிக்கறவங்களை இப்பதாம்மா பாக்கறேன்" என்றார். சிரிக்கிறேனா என்ன? கன்னத்தைத் தொட்டுப் பார்த்தேன், ஆமாம். அணி கைவிட்டுப் போனது கொஞ்சம் வலித்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் பசித்தது. காலையில் பாதியில் விட்ட பன் நினைவுக்கு வந்து, கேன்டீனில் இரண்டு வாங்கி நின்றபடியே தின்றேன்.

தோற்றவர்களும் ஜெயித்தவர்களும் ஆட்டத்தை மறுபடி போட்டுப் பார்ப்பதற்கென்று ஒரு சின்ன அறை ஒதுக்கியிருந்தார்கள். போய் உட்கார்ந்தேன். வருவாளா என்று வாசலைப் பார்க்கக் கூடாது என்று ஜன்னலைப் பார்த்தேன். வந்தாள். இரண்டு காகிதக் கோப்பைகளில் டீயோடு வந்து ஒன்றை என் பக்கம் நகர்த்தினாள்.

"எதுக்கு வேணாம்னு சொன்ன?"

"பாத்துட்டேன்."

"எப்ப?"

"நீ கேட்டப்பவே."

அவள் பலகையிலிருந்த காய்களை வழித்து ஓரமாக ஒதுக்கினாள். பிறகு ஒவ்வொன்றாக எடுத்து வைக்க ஆரம்பித்தாள். எங்கள் ஆட்டம் இல்லை இது. மூன்றாவது காய் வைத்ததுமே எனக்கு எந்த ஆட்டமென்று தெரிந்துவிட்டது. ஒரு சிப்பாய்கூட மறக்கவில்லை அவள்.

"இதை அன்னைக்குப் பாத்தியா, இல்லியா?"

"பாத்தேன்டி." அழுகை முட்டிக்கொண்டு வந்தது, அடக்க முயற்சி செய்யவில்லை. "முழுசாப் பாத்தேன். நாலாவது நகர்த்தல்ல ஒரு சந்தேகம். பயந்துட்டேன். அப்புறம் பாக்கலன்னு பொய் வேற சொன்னேன்."

அவள் நீளமாக மூச்சை விட்டாள், தண்ணீருக்குள்ளிருந்து மேலே வந்தவள் மாதிரி.

"டிரா எடுக்கச் சொன்னியே, அந்தக் கோவம் ஒரு வாரத்துல போயிருக்கும்க்கா. நீ பாக்காம இருப்பியா? உன்னை எனக்குத் தெரியாதா? நான்தான் லூசான்னு ரெண்டு வருஷமா யோசிச்சுட்டிருந்தேன்."

"நீ லூசு இல்லடி."

"அது இப்பதானே தெரியுது." அவள் கைக்குட்டையை எடுத்து என் பக்கம் எறிந்தாள். "மூக்கைத் துடை. காட்டு."

"எதை?"

"பாத்ததை."

மூக்கைத் துடைத்துக்கொண்டு, அவளுடைய யானையை எடுத்து எதிரியின் வாயில் வைத்தேன். அவள் எதிராளியாக இருந்து அதை வெட்டினாள். ராணியால் செக் வைத்தேன். ராஜாவை ஒதுக்கினாள். வெளியே நாற்காலிகளை மடக்கி அடுக்கும் சத்தம் கேட்டது. யாரோ எட்டிப் பார்த்து, "இன்னும் பத்து நிமிஷம்தாங்க" என்றார்கள். நாங்கள் தலையாட்டினோம். நான்காவது நகர்த்தலில் என் கை நின்றது. அவள், "அங்கதான், போ, போ" என்றாள். போனேன். சரியாகவே இருந்தது. அவள் ராஜாவை மூலைக்கு நகர்த்தினாள். இன்னும் இரண்டு. பிறகு ஒன்று. நான் குதிரைக்குக் கையை நீட்டியபோது என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"இரு. இது நான்."

குதிரையை எடுத்தாள். உடனே வைக்கவில்லை. பலகைக்கு மேலே கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.