நீலச் சாக்கட்டிக் கோடு

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. கால் சரியாகிவிட்டது; பேச்சு பாதிதான் திரும்பியது. செம்பவாங்கில் ஒரு கப்பல் பழுதுபார்க்கும் பட்டறையில் இருபத்திரண்டு வருடம் உதிரிபாக ஸ்டோரைப் பார்த்துக்கொண்டவர். மேலாளர் அப்துல் அஜீஸ் அவரை அலுவலக நாற்காலியில் உட்கார வைத்துக் கேட்டார்.

"லாசரஸ் அண்ணே, ரெண்டு இஞ்ச் வால்வு எந்த ரேக்?"

அப்பா வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை.

"சரி, கேஸ்கெட்?"

அதற்கும் மேசையையே பார்த்தார்.

"பாரும்மா பிரிஜட், மூளையில இல்லன்னா நான் எப்படி வேலைக்கு வச்சிக்கிறது? வீட்டுல ரெஸ்ட் எடுக்கட்டும்லா."

வீட்டில் அவர் படும் பாடு எனக்குத் தெரியும். பிடோக்கில் எங்கள் புது வீட்டில், கழிவறை என்று நினைத்துத் துணி அலமாரியைத் திறப்பார். உண்மையைச் சொன்னால், காலையில் பேருந்தில் வரும்போதே நானும் அவர்மேல் நம்பிக்கையைக் கைவிட்டிருந்தேன். எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி நான். மனம் மண்டைக்குள் இருக்கிறது என்று தத்துவத் தேர்வில் எழுதி நல்ல மதிப்பெண் வாங்கியவள்.

ஆனாலும் அவரை வைத்துக்கொண்டே 'மூளையில இல்ல' என்றது சுட்டது.

"ஸ்டோர்ல வச்சுக் கேளுங்க சார். அவர் வேலை பாக்கிறது இந்த நாற்காலியில இல்ல."

ஸ்டோருக்குள் நுழைந்ததும் அப்பாவின் நடையே மாறியது. வால்வு என்றதும் மூன்றாம் வரிசைக்குப் போனார். தூணில் இருந்த நீலச் சாக்கட்டிக் கோட்டைத் தடவி, கீழ்த்தட்டிலிருந்து வால்வை எடுத்து நீட்டினார். கேஸ்கெட்டுக்குச் சிவப்பு நூல் கட்டிய கம்பி. அஜீஸ் எட்டுப் பொருள் கேட்டார், எட்டும் வந்தன.

"இது கோட்டோட ஞாபகம்மா. இவரோடது இல்ல."

"கோடு போட்டது யாரு? சரி, எங்கப்பாவுக்கு என்ன வயசு?"

மேலாளர் கையிலிருந்த ஃபைலைப் புரட்டினார்.

"பாக்காம சொல்லுங்க."

"அதான் ஃபைல்ல இருக்கே!"

"உங்களுக்கு ஃபைல், அவருக்கு ரேக். அப்ப உங்களையும் வீட்டுக்கு அனுப்பிடலாமா?"

அப்பா என் கையைக் கிள்ளினார். "வா... வாயாடி."

அன்று அவருக்குச் சரியாக வந்த ஒரே சொல்.

அஜீஸ் சிரித்துவிட்டார். "நாளைக்கே வரட்டும். சீட்டு எழுத வேற ஆள் போடறேன். மூணு மாசம் பாப்போம்லா."

கிளம்பும்போது அப்பா ஒரு நீலச் சாக்கட்டியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். வீட்டுக்கு வந்ததும் கழிவறைக் கதவில் நீளமாக ஒரு கோடு.

"புதுப் பெயின்ட்டு!" என்று அம்மா ஈரத்துணியோடு ஓடிவந்தாள்.

துணியைப் பிடுங்கிக்கொண்டேன்.