கல்யாண அடியில் விழுந்த சாவு அடி

பிரஜாவுரிமைக்கு மனு எழுதுவதிலேயே இலங்கை மலையகத்தில் லிந்துலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமெல்லாம் மண்டையை உடைத்துக்கொண்டிருந்த வருசம் அது. அதற்காக மாசி பிறந்தபின், சிவன் காமனை எரிக்கிற காமன் கூத்தை நிறுத்திவிட முடியுமா? ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் ஒத்திகை நடந்தது. காமனுக்கும் ரதிக்கும் கல்யாணம் நடக்கிற கட்டத்தில், சின்னராசா அடித்த தப்பு மேளம் திடீரென்று சாவு அடிக்கு மாறிவிட்டது. நாலே நாலு அடிதான். ஆனால் அதை அடையாளம் தெரியாத காது, தொழிலாளர் வரிசை வீடுகளான அந்த லயத்தில் ஏது?

கூத்தைப் பழக்கும் காமன் மாஸ்டர் கந்தப்பன் ஏசியிருந்தால்கூடத் தேவலை. குச்சியை வைத்துவிட்டுப் போகச் சொன்னார், அவ்வளவுதான்.

மறுநாள், காமனாகக் காப்புக் கட்டி விரதமிருந்த அழகன் காய்ச்சலில் படுத்துவிட்டான். பெண்கள் தண்ணீர் பிடிக்கிற பீலியில் அன்றைக்குத் தண்ணீரைவிடப் பேச்சுத்தான் அதிகம் ஓடியது. காலையில் லேசான காய்ச்சலாக இருந்தது சாவு அடியால் வந்த காய்ச்சலாகி, மாலைக்குள் பேச்சிலேயே அவனுக்குக் குழி வெட்டாத குறை.

அதெல்லாம் சின்னராசாவின் காதிலும் விழுந்தது. எட்டு வருசமாக எந்த லயத்தில் யார் செத்தாலும் அவன்தான் தப்படிப்பவன். கை அந்த அடிக்கே பழகி, இப்போது தானாகவே சாவைக் கூப்பிடுகிறதோ? தப்பைச் சுவர் பக்கம் திருப்பி மாட்டினான். விரல் எதையாவது தட்டிவிடுமோ என்று இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மனைவி மீனம்மா வைத்த தேத்தண்ணி ஆறிப் போனது. தகரக் கூரை காற்றுக்குச் சடசடத்தாலும் உடம்பு தூக்கிப் போட்டது. இனி இந்த ஜென்மத்தில் தப்பைத் தொடுவதில்லை என்று மாஸ்டரிடம் சொல்லிவிட முடிவு செய்தான்.

செவ்வாய்க்கிழமை சின்னராசா வேலை விட்டு வந்தபோது, அவன் வாசலில் அழகனின் மனைவி அம்மாக்கண்ணு நின்றாள்.

"அவரு ஒங்கள வரச் சொன்னாரு. தப்பையும் எடுத்துக்கிட்டு வாங்க."

லயத்தின் கடைசிக் காம்பராதான் அழகனின் வீடு. அங்கே நடக்கிற தூரத்தில், அந்த நேரம் பார்த்து எல்லா வீட்டுக்காரிகளுக்கும் வாசலில் வேலை இருந்தது.

கம்பளிக்குள் கிடந்த அழகன் கதவைச் சாத்தச் சொன்னான். சுவர் கூரையைத் தொடாத லயத்தில் கதவைச் சாத்தி என்ன பயன்? சாத்தினார்கள்.

"அண்ணே, அடிக்கிறப்ப நீங்க எங்க பாப்பீங்க?"

"ஒன் காலத்தான்."

ஆடுகிறவனின் காலைப் பார்த்துத்தான் அந்தக் கூத்தில் தப்பு பேசும். முகத்தைப் பார்ப்பதில்லை.

"கல்யாணத்துக்கு வலது காலு முன்னால போகணும். நான் எடது கால பின்னால இழுத்துட்டேன். காமன் எரியிற கட்டத்து அடவு அது, அதுக்குச் சாவு அடிதானே. ஒங்க கை என் கால் பின்னாலயே வந்திருச்சு. காப்புக் கட்டுனவன் கால் பெசகுனா ஆகாதும்பாங்க. அந்தப் பயத்துல, மாஸ்டரு ஒங்களப் போகச் சொன்னப்பக்கூட வாயத் தொறக்கல."

சின்னராசாவுக்கு ஆறுதலாக இருந்தது. அடுத்த கணமே பயம் திரும்பியது. பிசகியது காலோ கையோ, சாவு அடி விழுந்தது விழுந்ததுதானே? காய்ச்சல் வந்துவிட்டதே?

அம்மாக்கண்ணு அடுப்பை ஊதிக்கொண்டே சொன்னாள்: "சாக்கு போத்திக்காம பனியில தேயில கவ்வாத்து வெட்டப் போனா, காய்ச்சல் வராம காமனா வரும்? தப்பக் காய்ச்சுங்க."

"மறுபடி அந்த அடி வந்துட்டா?"

"என் காலு சரியா போனா எப்பிடிண்ணே வரும்?" என்றான் அழகன். "நீங்க இல்லாட்டி நான் ஆட மாட்டேன்."

அடுப்புச் சூட்டில் தப்பின் தோல் விறைத்தது. அழகன் கம்பளியிலிருந்து கால்களை மட்டும் வெளியே நீட்டினான். சுவருக்கு அந்தப் பக்கம் இருமல்கூட நின்றுபோனது.

வலது பாதம் முன்னால் அசைந்தது. சின்னராசா அடித்தான். கல்யாண அடிதான் விழுந்தது. மறுபடியும் அதேதான். வியர்வை கண்ணுக்குள் இறங்கியும், அந்தப் பாதத்தைவிட்டு அவன் பார்வையை எடுக்கவில்லை.