ராஜா மகனுக்கு ஒப்பாரி

சொந்தப் பிள்ளை செத்தபோது ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள், எவனோ ஒரு ராஜா மகனுக்கு அழுவதற்காகத் திருச்சிக்கு ரயிலேறிப் போனாள். அவள் என் மனைவி ஞானபாய், மிஷன் பள்ளிக்கூட வாத்தியாரம்மா. திருச்சி ரேடியோவில் பழைய காவியம் ஒன்றை நாடகமாகப் போடுகிறார்களாம். போரில் மகனைப் பறிகொடுத்த ராணிக்கு இவள் குரல்தான் பொருத்தமாம். அங்கே வேலை பார்க்கும் இவள் அண்ணன் செய்த ஏற்பாடு.

எங்கள் ஜெபசீலன் போன வருஷம் காய்ச்சலில் போனான். நான் சுவரில் முட்டிக்கொண்டு அழுதேன். அவள் வேதக்காரர் வழக்கப்படி இயேசு கீர்த்தனை பாடினாள், வந்தவர்களுக்குக் காப்பி கொடுத்தாள், திங்கட்கிழமை பள்ளிக்கூடம் போனாள். இவளுக்கு நெஞ்சு என்று ஒன்று இருக்கிறதா இல்லையா என்பது எனக்கு விளங்கவே இல்லை.

நாடகத்தன்று முனிசிபல் பூங்கா ரேடியோவுக்கு முன்னால் நல்ல கூட்டம். யுத்தச் செய்தி கேட்க வந்தவர்கள் அப்படியே உட்கார்ந்துவிட்டார்கள். கேட்கக்கூடாது, நேரே வீட்டுக்குப் போய்விட வேண்டும் என்றுதான் கடையை அடைத்தேன். கால் அங்கேதான் கொண்டுபோய் விட்டது. பக்கத்தில் உடன்குடிக் கருப்பட்டி வியாபாரி காசிலிங்கம் அண்ணாச்சி. ராணி என் பெண்டாட்டி என்று நான் யாரிடமும் சொல்லவில்லை.

முதலில் எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. "இளங்கோமகனே" என்று செந்தமிழில் அளந்து அழுதாள். வகுப்பில் பாடம் நடத்துகிற அதே குரல். எனக்கு எரிச்சலாக வந்தது. பிறகு மகனின் உடலை மடியில் கிடத்தும் இடம் வந்தது. குரல் நின்றுபோனது. பெட்டி கெட்டுவிட்டதோ என்று ஒருவர் எழுந்து பார்த்தார்.

"ஏலே ஜெபசீலா, அம்மையப் பாருலே. கண்ணத் தொறலே."

கூட்டம் குழம்பிப்போனது. கதையில் அப்படி ஒருவன் கிடையாதே என்றார் ஒருவர். ராணி எப்போது நம்ம ஊருக்கு வாக்கப்பட்டாள் என்று இன்னொருவர் சிரித்தார். காசிலிங்கம் அண்ணாச்சி என் பக்கம் திரும்பினார்.

"ராசா மவனுக்கு வேதக்காரப் பேரு எப்படிவே வந்துச்சு?"

ஊரறிய இப்படிச் செய்துவிட்டாளே என்று கோபப்படுவதா, இத்தனை நாளும் இந்த அழுகையை எங்கே வைத்திருந்தாள் என்று கேட்பதா, ஒன்றும் புரியவில்லை. பயமாகக்கூட இருந்தது. அவள் விம்மிக்கொண்டே இருந்தாள். அதற்குள் நாடகத்து ராஜா சமாளித்துக்கொண்டு இடையில் புகுந்தான். தேவி, அழாதே, அரண்மனையே உன்னைப் பார்க்கிறது என்றான்.

நான் எழுந்து ரேடியோவைப் பார்த்துச் சொன்னேன்.

"நீ சும்மா கெடலே. அவ எம் மவனுக்கு அழுதா. அழுவட்டும்."