வீட்டுக்கு நாலு வரிசை

பஸ்ஸை விட்டு இறங்கியதுமே தையல்காரிக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. பள்ளத்தாக்கு என்றால் காற்று கமகமக்கும் என்று யார் சொன்னார்களோ, அவர்களைக் கூட்டிவந்து இங்கே நிறுத்த வேண்டும். ஊர் முழுக்கப் பூச்சிமருந்து நாற்றம். கடைத்தெருவில் டீக்கடை ஒன்று, மருந்துக்கடை ஒன்பது. அதுவும் மனுஷனுக்கான மருந்து இல்லை. வாய்க்கால் நெடுக மருந்து பாட்டில்கள் மிதந்தன, கரையில் ஒரு நாய் தண்ணீரை மோந்து பார்த்துவிட்டுக் குடிக்காமல் போனது.

தங்கையைக் கட்டிக்கொடுத்த ஊருக்கு அவள் வருவது ஐந்து வருடத்தில் இதுதான் முதல் தடவை. ஆனால் வாரம் தவறாமல் தங்கை பஸ்ஸில் ஒரு மூட்டை காலிஃப்ளவர் போட்டுவிடுவாள். "கடைச்சரக்கு இல்லை, என் கூடப்பிறந்தவ தோட்டத்துக் காய்" என்று தையல்காரி தெருவெல்லாம் தம்பட்டம் அடித்திருக்கிறாள். அவள் மகள் பல் முளைத்த நாளிலிருந்து அதைத்தான் தின்று வளர்கிறாள்.

தங்கையின் கணவர் வாயெல்லாம் பல்லாகத் தோட்டத்தைச் சுற்றிக் காட்டினார். பறித்த காலிஃப்ளவர் பூக்களை ஆட்கள் ஒரு சிமெண்டுத் தொட்டியில் முக்கி முக்கி எடுத்துக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் நீலமாக நுரைத்திருந்தது. மேலே செத்த புழுக்கள் பாலாடைபோலப் படர்ந்திருந்தன.

"இதுல முக்கினாத்தான்க்கா அஞ்சு நாளைக்கு வெள்ளை வெளேர்னு நிக்கும்," என்றார் பெருமையாக.

"இதையா நீங்களும் சாப்பிடுறீங்க?"

"நமக்கு எதுக்குக்கா இந்தக் கருமம்? வீட்டுக்குன்னு கிணத்தடியில நாலு வரிசை தனியா இருக்கு. ஒரு சொட்டு மருந்து படாது. இங்க எல்லார் வீட்லயும் அப்படித்தான்."

தையல்காரி தங்கையிடம் திரும்பினாள்.

"எனக்கு அனுப்புறியே, அது எதுலேர்ந்துடி?"

தங்கை கணவரைப் பார்த்தாள், தொட்டியைப் பார்த்தாள். அக்காவை மட்டும் பார்க்கவில்லை.

"நாலு வரிசை எங்களுக்கே பத்தலக்கா. நீ நல்லாக் கழுவிட்டுத்தானே சமைக்கிற?"

தொட்டியைவிட இந்தப் பேச்சுதான் தையல்காரிக்கு அதிகமாகக் குமட்டியது. கூடப்பிறந்தவளை ஓங்கி அறையலாம் போலிருந்தது.

"என் பொண்ணுக்காவது வாரம் ஒரு பூ அதுலேர்ந்து எடுத்து வெச்சிருக்கக் கூடாதாடி?"

"கேட்டிருந்தா வெச்சிருப்பேனே," என்றாள் தங்கை. "நீ ஒரு தடவைகூடக் கேக்கலையேக்கா."