பயபக்தி

பாத்ரூம் கீஸருக்குப் பின்னால் தூசி தட்டக் கை விட்ட நீரஜாவுக்கு அகப்பட்டது, பேனா மாதிரி ஒரு சாமான். மோந்து பார்த்தாள், மாம்பழ வாசனை. வேப்! பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஒளிந்து ஒளிந்து புகை இழுக்கிற கண்றாவி.

யாருடையது என்று யோசிக்கவே வேண்டாம். வீட்டில் இரட்டைப் பிள்ளைகள், பதினாறு வயசு. வர்ஷினி வயலினும் தானுமாக இருப்பாள், அதிர்ந்து பேசமாட்டாள். ஸ்ரீகிருஷ்ணா இருக்கானே, பாலவாக்கம் கடலில் பெரிய அலையாகப் பார்த்து அதற்குள் பாய்கிற ஜன்மம். போன வருஷம்தான் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியிலிருந்து குதித்துக் காலை உடைத்துக்கொண்டான்.

"இது உன்னோடதாடா?"

அவன் அதை வாங்கிப் புரட்டிப் பார்த்தான். "ஆமாம்மா," என்றான்.

ஒரு டம்ளரை உடைத்தால்கூட நான் இல்லை என்று ஊரைக் கூட்டுகிற பயல்! நீரஜாவுக்கு எங்கேயோ இடித்தது. ஆனால் கோபம் யோசிக்க விடுமா? "திருச்சியிலே மாமா ஆத்துல இருந்துண்டு படி. நாளைக்கே கிளம்பு," என்றாள். இப்போதுதான் பள்ளிக் கிரிக்கெட் டீமில் இடம் கிடைத்திருந்தது அவனுக்கு. முகம் செத்துப்போயிற்று. ஆனாலும் பெட்டியை எடுத்தான்.

அவன் சட்டைகளை அவள் மடித்துக்கொண்டிருந்தபோது வர்ஷினி வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அம்மா, அது என்னோடது."

"அவனுக்குப் பரிஞ்சுண்டு வராதே."

"நிஜமாம்மா. மேடை ஏறறதுக்கு முன்னாடி எனக்கு மூச்சே வராது. இதை இழுத்தா கை நடுக்கம் நிக்கறது. இப்போ தினமும் வேணும்னு இருக்கு."

"சும்மா இருடி!" என்று பாய்ந்தான் ஸ்ரீகிருஷ்ணா. "என்னைத் திட்டினா நான் துடைச்சுப் போட்டுண்டு போயிடுவேன். இவ தாங்கமாட்டாம்மா."

நீரஜாவுக்குத் தலை சுற்றியது. இதில் யார் தறுதலை, யார் சாது? பயமே அறியாத பிள்ளை தொடாததை இந்தப் பயந்தாங்கொள்ளி எப்படித் தொட்டாள்? பயந்ததாலேயா?

மேடையேறுமுன் இவள் விரல் நடுங்குவதைப் பார்த்து, "குழந்தைக்கு என்ன பயபக்தி!" என்று உறவுக்காரர்களிடமெல்லாம் பூரித்தவள் நீரஜாதான். மார்கழிக் கச்சேரியில் அந்த நடுக்கம் நின்றது. கை தேறிவிட்டது என்று மறுநாளே கபாலி கோயிலில் அர்ச்சனை பண்ணி, ஆத்துக்கு வந்தவர்களுக்கெல்லாம் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தாள். ஐயோ, எதற்குக் கொடுத்தோம்!

மடித்த சட்டையை அப்படியே போட்டுவிட்டுப் பெண்ணின் கையைப் பிடித்தாள். வெடவெடவென்று நடுங்கியது.

"பயமா இருக்காடி?" என்று கேட்டாள். இத்தனை வருஷத்தில் அதை மட்டும் கேட்டதே இல்லை.